பாலத்துக்கு முன்னால் கம்பி

ப்ரூக்ளின் பாலத்தைப் பற்றி எழுதாத நவீனக் கலைஞனைத் தேட வேண்டியிருக்கிறது. 1925-ல் அமெரிக்கா சென்ற மயாகோவ்ஸ்கி அதன்மேல் நின்று ஒரு கவிதை எழுதினார். வேலையற்றவர்கள் அங்கிருந்து ஹட்சன் ஆற்றில் குதிப்பதாக அதில் வருகிறது. பாலத்துக்குக் கீழே ஓடுவது கிழக்கு ஆறு. 1929-ல் ந்யூயார்க் வந்த லோர்காவும் அந்தப் பாலத்தின் பெயரில் ஓர் இரவுக் கவிதை எழுதினார். ஹார்ட் க்ரேன் பாலத்தையே தன் நீண்ட கவிதையின் தலைப்பாக்கி, அமெரிக்கா என்ற அனுபவம் முழுவதையும் அதில் கட்டிவிட முயன்றார். 1930-ல் அது நூலானபோது வாக்கர் எவன்ஸின் புகைப்படங்களும் சேர்ந்து வந்தன. ஜோசப் ஸ்டெல்லா அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

இவர்கள் எல்லோருடைய கண்ணும் முதலில் போய் நின்றது கம்பிகளில்தான். கல் கோபுரங்களிலிருந்து விசிறிபோல் இறங்கி, ஒன்றையொன்று குறுக்காக வெட்டி, வானத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் கம்பி. க்ரேனுக்கு அது இசைக் கருவியின் நரம்பு. ஸ்டெல்லாவுக்குத் தேவாலயக் கண்ணாடிச் சித்திரத்தின் ஈயக் கோடு. குறியீடு என்று ஒன்று கிடைத்துவிட்டால் நாம் அதை விடுவதில்லை, விமர்சகர்களும் விடவில்லை. ஆனால் அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது, யார் இழுத்தார்கள், இழுத்தவன் கை என்னவாயிற்று என்ற கேள்விகள் கவிதைக்கு வெளியே நின்றுவிட்டன. கவிதைக்கு வெளியே நிற்பதெல்லாம் கவிதைக்கு வேண்டாதது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதற்கு முன் கம்பியின் சரித்திரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

1

ஜோஹன் அகஸ்ட் ரோப்ளிங் 1806-ல் ப்ரஷ்யாவின் ம்யூல்ஹவுஸன் என்ற சிற்றூரில் பிறந்தார். பெர்லினில் கட்டடக் கலை பயின்றார். ஹெகலின் வகுப்புகளில் உட்கார்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உண்மை எதுவானாலும், அவர் பின்னாளில் பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு நீண்ட தத்துவக் கைப்பிரதி எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. 1831-ல் தன் சகோதரருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பென்ஸில்வேனியாவில் ஸாக்ஸன்பர்க் என்ற குடியிருப்பை நிறுவினார். அதிகாரிகளின் கெடுபிடி இல்லாத மண்ணில் உழுது பிழைக்கும் ஜெர்மானியர்களின் ஊர் என்பது கனவு. உழவு அவருக்குக் கைகூடவில்லை. சில ஆண்டுகளில் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் அளக்கும் வேலைக்குத் திரும்பினார்.

அந்த மாநிலத்தில் அப்போது ஒரு விசித்திரமான போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. அலகெனி மலை கால்வாயின் குறுக்கே நின்றது. 1834-ல் திறக்கப்பட்ட 36 மைல் பாதையில் பத்துச் சரிவுகள் அமைத்து, படகுகளையும் சரக்கையும் வண்டிகளில் ஏற்றி, நீராவி இயந்திரத்தால் மலைமேல் இழுத்து மறுபக்கம் இறக்கினார்கள். இழுத்தது சணல் வடம். வடம் தேயும், மழையில் ஊறி மக்கும், அறுந்தால் வண்டியோடு மனிதர்களும் போவார்கள். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834-ல் இரும்புக் கம்பிகளைத் திரித்து வடம் செய்திருந்தார். இந்தச் செய்தி ரோப்ளிங்குக்குத் தெரிந்திருந்தது. 1841-ல் ஸாக்ஸன்பர்க்கில் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் அவர் கம்பி வடம் திரிக்கத் தொடங்கினார்.

தொழிற்சாலை என்று அதைச் சொல்ல முடியாது. திறந்த வெளியில் ஒரு நீண்ட திரிகளம். கையால் சுற்றும் கருவிகள். இழைகளை முறுக்க எட்டுப் பேர் வேண்டும். இழைகளைச் சேர்த்து வடமாக்கப் பதினாறு, பதினெட்டுப் பேர் வேண்டும். ஆர்டர் வரும்போது ஊரிலிருந்து ஆள் கூட்டுவார்கள். நேற்றுவரை கலப்பை பிடித்தவர்கள், தச்சர்கள், நெசவாளிகள். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை வேலை. மூன்று வேளைச் சாப்பாடும் ரோப்ளிங் வீட்டில். இடையில் ரொட்டியும் விஸ்கியும். சமையல் ரோப்ளிங்கின் மனைவி தலையில் விழுந்தது. அந்த வீட்டுச் சிறுவன் வாஷிங்டன் தன் முதுமையில் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. தந்தையைப் பற்றி மகன் எழுதிய அந்தக் குறிப்புகள் இந்த நூற்றாண்டில்தான் முழு நூலாக அச்சேறின. மேதை என்று உலகம் கொண்டாடிய மனிதர் வீட்டில் எவ்வளவு கொடியவராக இருந்தார் என்பதையும் மகன் அதில் மறைக்கவில்லை.

மலைச் சரிவில் கட்டிய முதல் வடத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. சோதனை ஓட்டத்தில் வடம் அறுந்தது. சணல் வடக்காரர்களின் ஆள் ஒருவன் இணைப்பில் வெட்டிவிட்டான் என்று சொல்லப்படுகிறது. ரோப்ளிங்கின் வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வில்லனின் செயலாகச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். சணல் திரித்தவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது. ஒரு புல்வெளியில் புதிய கைத்தொழில் பிறந்த அன்றே வேறு எங்கோ ஒரு பழைய கைத்தொழிலின் சாவு எழுதப்பட்டுவிட்டது. அதை அவர்கள் எல்லோருக்கும் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை வடம் தாங்கியது. 1842-ல் ரோப்ளிங் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் சரிவுகளில் சணல் மறைந்தது.

2

1849-ல் தொழில் நியூ ஜெர்ஸியின் ட்ரென்டன் நகருக்குப் பெயர்ந்தது. அங்கே கால்வாய் இருந்தது, ரயில் இருந்தது, பீட்டர் கூப்பரின் இரும்பாலை இருந்தது. வந்த புதிதிலேயே வடம் திரிக்கும் இயந்திரத்தில் ரோப்ளிங்கின் இடது கை சிக்கியது; அந்தக் கை பிறகு முழுதாக அவருக்குப் பயன்படவில்லை. முதலாளியின் கை என்பதால் அது பதிவாகியிருக்கிறது. அவர் பாலம் கட்ட வெளியூர்களில் அலைந்த காலங்களில் ஆலையை நடத்தியவர் சார்லஸ் ஸ்வான் என்ற மேற்பார்வையாளர். நயாகராவிலிருந்து அவருக்கு ரோப்ளிங் எழுதிய கடிதங்கள் கம்பியின் தரம், எண்ணெய், நிலுவைப் பணம், வீட்டு விஷயம் எல்லாம் கலந்த உத்தரவுகள். 1855-ல் நயாகரா அருவிக்குக் கீழே ரயில் ஓடும் தொங்கு பாலம் திறக்கப்பட்டது. அதற்குப் பின் கம்பியைச் சந்தேகித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கம்பி இழுப்பது என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் கம்பியச்சின் துளைகளில் தங்கத்தை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலிதாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தத்துவம் ஒன்றுதான், அளவு வேறு. உருக்காலையில் தடியாக உருட்டிச் சுருட்டிய எஃகை முதலில் அமிலத் தொட்டியில் முக்கி மேலே படிந்த செதிலைப் போக்குவார்கள். பிறகு கழுவி, சுண்ணாம்பு நீரில் தோய்த்து, சூட்டில் உலர்த்துவார்கள். முனையைக் கூராக்கி, அச்சுத் தகட்டின் துளைக்குள் நுழைத்து, மறுபுறம் இடுக்கியால் பற்றி, சுழலும் உருளையில் மாட்டுவார்கள். உருளை சுற்றும்போது தடி துளை வழியே இழுபட்டுக் குறுகி நீள்கிறது. எதையும் செதுக்குவதில்லை, எடை குறைவதில்லை. பருமன் நீளமாக மாறுகிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. இழுக்க இழுக்க எஃகு கடினமாகிறது. அதன் வலிமை கூடுகிறது. கூடவே முறியும் தன்மையும் கூடுகிறது. ஆகவே குறிப்பிட்ட முறைகளுக்குப் பின் அதைச் செஞ்சூடாகக் காய்ச்சி, உருகிய ஈயத்தில் செலுத்தி ஆற்றி, மறுபடி இழுக்கத் தகுதியாக்குகிறார்கள். 1854-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் காப்புரிமை பெற்ற முறையின் வழி வந்தது இது. கடைசியில், துருவிலிருந்து காக்க, உருகிய துத்தநாகத்தில் குளிப்பாட்டுகிறார்கள்.

அமிலம், சுண்ணாம்பு, ஈயம், துத்தநாகம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி. ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஒரு புகை. ஒவ்வொரு புகைக்குள்ளும் சில மனிதர்கள். இழுவிசையில் நிற்கும் கம்பி அறுந்தால் அதன் முனை சாட்டையாகத் திரும்பும். சுருள் சிக்கிக்கொண்டால், சிக்கலுக்குள் கை இருந்தால், உருளை நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தேர்ந்த இழுப்பாளி தன் அச்சுத் தகட்டைத் தானே செப்பனிடுவான். தேய்ந்து விரிந்த துளையைச் சுத்தியலால் தட்டி மூடி, ஊசி போன்ற கருவியால் மறுபடி சரியான அளவுக்குத் திறப்பான். கம்பி துளையைக் கடக்கும்போது எழும் ஓசையிலேயே பிழை தெரிந்துவிடும் அவனுக்கு. இதை ஒருவன் வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்று கற்றான், புத்தகத்தில் கிடையாது. 1920-களில் டங்ஸ்டன் கார்பைடு அச்சுகள் வந்தபோது இந்தச் சுத்தியலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சணல் திரித்தவனுக்கு நேர்ந்தது, எண்பது வருஷங்களுக்குப் பிறகு, கம்பி இழுத்தவனுக்கும் நேர்ந்தது.

3

ப்ரூக்ளின் பாலத்துக்கு வருவோம். இடத்தைத் தேர்ந்துகொண்டிருந்த 1869-ல் படகுத் துறையில் ரோப்ளிங்கின் பாதம் நசுங்கியது. மருத்துவர்களை நம்பாமல் நீர்ச் சிகிச்சையை நம்பினார். தசை இறுகும் ஜன்னி கண்டு ஜூலையில் இறந்தார். பொறுப்பு மகன் வாஷிங்டனுக்கு வந்தது. ஆற்றின் அடியில், அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் அஸ்திவாரம் தோண்டிய வேலையில் 1872-ல் அவரும் வீழ்ந்தார். அதே நோயில் வீழ்ந்த கூலிகள் பலர். பல ஆண்டுகள் வாஷிங்டன் வேலைத் தளத்துக்கு வரவில்லை. அவருடைய மனைவி எமிலி உத்தரவுகளைக் கொண்டு போனார், கேள்விகளைக் கொண்டு வந்தார், கணிதமும் கம்பியும் கற்றார். கொலம்பியா ஹைட்ஸில் 110-ஆம் எண் வீட்டு ஜன்னலிலிருந்து வாஷிங்டன் பாலம் எழுவதைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஹார்ட் க்ரேன், யார் வீடு என்று தெரியாமலேயே, அதே முகவரியில் குடியேறினார்.

கம்பி தேவைப்பட்டது 1876-ல். அதுவரை பெரிய தொங்கு பாலங்கள் இரும்புக் கம்பியில் தொங்கின. இது எஃகுக் கம்பியில் தொங்கப்போகிறது. கம்பிக்கு யார் ஒப்பந்தக்காரர்? ரோப்ளிங் கம்பெனிதான் நாட்டில் பேர்பெற்றது. அப்போது பாலத்தின் நிர்வாகிகளில் ஒருவரான ஏப்ரம் ஹெவிட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பாலத்தின் எஞ்சினியருக்கோ அதிகாரிக்கோ பங்குள்ள எந்த ஸ்தாபனத்தின் டெண்டரையும் ஏற்கக் கூடாது. கேட்க நியாயமாக இருந்தது. வாஷிங்டன் அவமானப்பட்டு ராஜிநாமா செய்ய முன்வந்தார், ஏற்கப்படவில்லை. பிறகு தன் பங்குகளை விற்றார். ஆனாலும் ஒப்பந்தம் போனது ப்ரூக்ளினில் ஆலை வைத்திருந்த ஜே. லாயிட் ஹேக் என்பவருக்கு. ஹெவிட், பீட்டர் கூப்பரின் மருமகன். ட்ரென்டன் இரும்பாலையின் கூட்டாளி. ஹேக்கின் ஆலை ஹெவிட்டிடம் அடமானத்தில் இருந்தது என்று வாஷிங்டன் பின்னர் குறித்து வைத்தார். நேர்மை என்ற பெயரில் நிறைவேறிய தீர்மானத்துக்கு அடியில் ஒரு கடன் பத்திரம் கிடந்தது.

கம்பிக்கு விதித்த அளவு கடுமையானது. ஒவ்வொரு கம்பியும் 3,400 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். பாலத்தின் ஆட்கள் ஹேக்கின் ஆலைக்கே சென்று சுருள்களைச் சோதித்து, தேறியவற்றுக்குச் சான்றுச் சீட்டு தருவார்கள். சீட்டுடன் வண்டி புறப்படும். 1878 ஜூலையில் வண்டிகளை மறைவாகப் பின்தொடர்ந்தபோது விஷயம் வெளியாயிற்று. வழியில் ஒரு கட்டடத்தில் வண்டி நின்றது. தேறிய சுருள்கள் இறங்கின. தேறாத சுருள்கள் ஏறின. அதே சீட்டு பாலத்துக்குப் போனது. நல்ல சுருள்கள் ஆலைக்குத் திரும்பி, மறுநாள் மறுபடி சோதனைக்கு நின்று, மறுபடி தேறின. எத்தனை நாள் இது நடந்தது என்பது ஹேக்குக்கும் அவர் ஆட்களுக்குமே வெளிச்சம்.

பாலத்தின்மேல் அப்போது நடந்துகொண்டிருந்த வேலையைப் பார்க்க வேண்டும். 1876 ஆகஸ்டில் ஃபாரிங்டன் என்ற தலைமை மெக்கானிக், அறுபது வயதுக்காரர், முதல் ஓட்டு வடத்தில் ஒரு சிறு பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து ஆற்றைக் கடந்தார். கரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. அதன்பின் வந்த வேலைக்குக் கூட்டம் இல்லை. ஒரு சக்கரம் கம்பியைச் சுமந்து கரைக்குக் கரை போய்வரும். ஒவ்வொரு கம்பியும் வழிகாட்டிக் கம்பியின் தொய்வுக்குச் சரியாகத் தொய்கிறதா என்று, கோபுர உச்சியிலும் மெல்லிய நடைபாதையிலும் நிற்கும் ஆட்கள் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெயில் ஏறினால் கம்பி நீளும். மேகம் மறைத்தால் சுருங்கும். ஆகவே இந்த வேலைக்கு அதிகாலையே உகந்தது. ஒரு வடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கம்பிகள், வடங்கள் நான்கு. 1878 ஜூனில் கரை நங்கூரத்தில் ஓர் இழைக்கட்டு பிடி விட்டுப் பாய்ந்தது. ஆட்கள் செத்தார்கள். அதற்கும் ஹேக்கின் கம்பிக்கும் சம்பந்தமில்லை. அறுந்தது அதைப் பிடித்திருந்த வடம். இருந்தாலும் அடுத்த மாதமே மோசடி தெரிந்தபோது, மேலே நின்றவர்கள் காலடியில் தொங்கியதைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தேறாத கம்பி வடங்களுக்குள் ஏற்கெனவே போய்விட்டது. அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. நோயாளி எஞ்சினியர் படுக்கையிலிருந்து கணக்குப் போட்டார். வேண்டியதைப் போல் ஆறு மடங்கு வலிமையுடன் வடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. கெட்ட கம்பியைக் கழித்தாலும் ஐந்து மடங்கு மிஞ்சும். ஆக, பாலம் நிற்கும். ஈடாக ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 நல்ல கம்பிகளை ஹேக் தன் செலவில் சேர்க்க வேண்டும் என்றார். சேர்க்கப்பட்டது. இன்று ஒவ்வொரு வடத்திலும் 5,434 கம்பிகள் என்று புத்தகங்கள் சொல்லும் எண்ணிக்கையில் அந்த அபராதமும் அடங்கும். ஹேக் பிறகு வேறொரு பண மோசடியில் சிக்கி ஸிங் ஸிங் சிறைக்குப் போனார். ஹெவிட் 1883 மே 24-ல் பாலத் திறப்பு விழாவில் பேருரை ஆற்றினார்; எகிப்தின் பிரமிடுகளைக் கட்டியவர்களின் கூலியோடு பாலம் கட்டியவர்களின் கூலியை ஒப்பிட்டு, நாகரிகத்தின் முன்னேற்றத்தை நிறுவினார்.

பொறியியலில் பாதுகாப்புக் காரணி என்று ஒரு பிரயோகம் உண்டு. தெரியாத காற்றுக்கும், தெரியாத பாரத்துக்கும், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் முன்கூட்டியே ஒதுக்கும் இடம் அது. மனிதன் தன் அறியாமையை எண்ணாக எழுதி வைப்பது என்றும் சொல்லலாம். ரோப்ளிங் அந்த இடத்தை இயற்கைக்காக ஒதுக்கினார். அதில் வந்து உட்கார்ந்தது ஒரு வியாபாரியின் திருட்டு. அந்தத் திருட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. க்ரேன் கண்ட நரம்புகளிலும், ஸ்டெல்லா தீட்டிய கோடுகளிலும், நல்ல கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு, துத்தநாகப் பூச்சுடன், அது தன் பங்கு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வழியில் வண்டியை நிறுத்திச் சுருள்களை மாற்றி ஏற்றிய ஆட்களும் கூலிகள்தான். மேலே நடைபாதையில் நின்றவர்களும் கூலிகள்தான். ஒருவனுடைய அன்றாடக் கூலிக்கு மற்றவனுடைய உயிர் பணயம் என்பது இருவருக்குமே தெரியாத வகையில், அல்லது தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத வகையில், ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. எஞ்சினியரின் நேர்மையைப் புகழ்ந்து, ஒப்பந்தக்காரரின் அயோக்கியத்தனத்தைக் கண்டித்து முடிக்கும் சரித்திரம் இந்த இடத்துக்கு வருவதில்லை.

4

பாலம் ரோப்ளிங் கம்பெனிக்கு விளம்பரமாயிற்று. எலிவேட்டர், சுரங்கம், தந்தி, எண்ணெய்க் கிணறு, மின்சாரம் என்று புதிய உலகத்துக்கு வேண்டியதெல்லாம் கம்பியாக இருந்தது. வாஷிங்டனின் தம்பிகள் ஃபெர்டினண்டும் சார்லஸும் கம்பெனியை வளர்த்தார்கள். ட்ரென்டன் ஆலையைச் சுற்றி முதலில் ஜெர்மானியர், பிறகு ஹங்கேரியர், போலந்துக்காரர், இத்தாலியர் குடியேறினார்கள். எஃகுக்குப் பிறரை நம்பக் கூடாது என்று சார்லஸ் 1905-ஐ ஒட்டி ட்ரென்டனுக்குத் தெற்கே சுமார் பத்து மைலில், டெலவேர் ஆற்றங்கரையில், உருக்காலையுடன் ஓர் ஊரையே கட்டினார். ஊருக்குக் குடும்பப் பெயர்: ரோப்ளிங்.

செங்கல் வீடுகள் ஏறத்தாழ 750. அகன்ற தெருக்கள், மரங்கள், கடை, பள்ளி, விடுதி. மேற்பார்வையாளர்களுக்குப் பெரிய வீடு. தொழிலாளிக்கு வரிசை வீடு. யார் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பதைக் கொண்டே ஆலையில் அவன் யார் என்று சொல்லிவிடலாம். ஸ்வீடன்காரர், ஹங்கேரியர், ருமானியர், ஸ்லோவாக்கியர் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் மொழியோடும் கோயிலோடும் வந்தது. கம்பெனி வீட்டில் குடியிருந்து, கம்பெனிக் கடையில் வாங்கி, கம்பெனிச் சங்கொலிக்கு எழுந்து வாழ்ந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். இதைக் கருணை என்று சிலர் எழுதுகிறார்கள், சிறை என்று சிலர். அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால் அந்த ஊரைப் பிரியத்துடன்தான் பேசுகிறார்கள். அந்தப் பிரியம் பொய்யல்ல. தங்கள் உழைப்பு போய்ச் சேர்ந்த இடத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பெருமைக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, யாரும் பறிக்கவும் முடியவில்லை.

ஃபெர்டினண்ட் 1917-லும் சார்லஸ் 1918-லும் இறந்தனர். சார்லஸின் மகன் அதற்கு முன்பே 1912-ல் டைட்டானிக்கில் மூழ்கியிருந்தான். 1921-ல், தலைமை வகிக்க ஆளில்லாமல், எண்பத்து நான்கு வயது வாஷிங்டன் மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நோயாளி என்று உலகம் ஐம்பது வருஷமாக நினைத்திருந்த மனிதர் 1926-ல் சாகும்வரை ஆலையை நடத்தினார். அவருக்குப் பின் பாலங்கள் இன்னும் பெரிதாயின. 1931-ல் திறந்த ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் நான்கு வடங்களில் ஒவ்வொன்றிலும் 26,474 கம்பிகள். 1937-ல் திறந்த கோல்டன் கேட் பாலத்தின் இரண்டு வடங்களில் ஒவ்வொன்றிலும் 27,572. மொத்தக் கம்பியின் நீளம் 80,000 மைல். ரோப்ளிங் ஊரில் இழுத்த கம்பி பூமியை மூன்று முறை சுற்றும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் தவறில்லை.

1947-ல் கம்பெனி வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றது. 1950-களின் தொடக்கத்தில் குடும்பம் கம்பெனியையே கொலராடோவின் ஓர் எஃகு ஸ்தாபனத்துக்கு விற்றது. 1974-ல் ஆலை நின்றது. மனிதர்கள் ஓய்வு பெறுவதுபோல் ஆலைகள் ஓய்வு பெறுவதில்லை. எழுபது வருஷத்து அமிலமும் ஈயமும் கசடும் மண்ணிலும் ஆற்றங்கரையிலும் தங்கின. 1983 மே 24 அன்று ப்ரூக்ளின் பாலத்துக்கு நூறாவது பிறந்த நாள். கிழக்கு ஆற்றின்மேல் வாண வேடிக்கை வானத்தை நிறைத்தது. அதே ஆண்டு, உடனே சுத்தம் செய்யப்பட வேண்டிய நச்சு நிலங்களின் தேசியப் பட்டியலில் ரோப்ளிங் உருக்காலை சேர்க்கப்பட்டது. சுத்திகரிப்பு பல பத்தாண்டுகள் நீண்டது. ஆலையின் தலைவாசல் கட்டடம் மட்டும் காப்பாற்றப்பட்டு, பின்னர் அருங்காட்சியகமாயிற்று.

5

இனி கலைஞர்களிடம் திரும்பலாம். ஜோசப் ஸ்டெல்லா இத்தாலியிலிருந்து வந்தவர். 1908-ல் பிட்ஸ்பர்க் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ஒரு குழுவுக்காக எஃகாலை ஆட்களின் முகங்களைக் கரியால் வரைந்தார். களைத்த கண்கள், புகையில் கறுத்த கன்னங்கள், வெவ்வேறு தேசங்களின் மூக்கும் தாடையும். பத்தாண்டுகள் கழித்து அதே கை ப்ரூக்ளின் பாலத்தைத் தீட்டியபோது படத்தில் ஒரு மனிதன்கூட இல்லை. ஒளியும் கம்பியும் மட்டும். இரண்டாவதுதான் நவீன ஓவியம் என்றும், முதலாவது பத்திரிகைச் சித்திரம் என்றும் கலை வரலாறு வகைப்படுத்திவிட்டது. அந்த முகங்களும் அந்தக் கம்பியும் ஒரே விஷயத்தின் இரு முனைகள் என்று சொல்ல வகை இல்லாமல் போயிற்று.

ஸ்டெல்லாவோ க்ரேனோ தொழிலாளியைப் பாடியிருக்க வேண்டும் என்று விதிக்க நான் வரவில்லை. அப்படி விதித்து எழுதிய கவிதைகள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதை நாம் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். மயாகோவ்ஸ்கிகூட பாலத்தின்மேல் நின்று வேலையற்றவனைத்தான் கண்டார்; வேலையில் இருந்தவன் அவர் கண்ணிலும் படவில்லை. கேள்வி கவிஞனின் அரசியலைப் பற்றியது மட்டுமல்ல. படிமம் என்பதை நாம் எவ்வளவு சுலபமாகக் கையாள்கிறோம் என்பதைப் பற்றியது. படிமம் ஒரு பொருளிலிருந்து எழ வேண்டும் என்று சொல்கிறோம். பொருள் என்பதோ ஏற்கெனவே பலருடைய வாழ்நாள் செலவாகி, உறைந்து, நம் முன் வந்து நிற்பது. அதன் பளபளப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது பாதிப் பொருள். பாதிப் பொருளிலிருந்து எழும் படிமமும் பாதிதான்.

க்ரேனின் கவிதையில் குறை சொன்ன பலரும் பாலம் அவ்வளவு நம்பிக்கையைத் தாங்காது என்றே சொன்னார்கள். அமெரிக்காவின் மொத்த ஆன்மீகத்தையும் ஒரு பாலத்தில் ஏற்ற முடியுமா என்று கேட்டார்கள். அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. 1932-ல் கப்பலிலிருந்து கடலில் குதித்து இறந்தார். நிஜப் பாலம் எதைத் தாங்கி நிற்கிறது என்று அவர் அறிந்திருந்தால் கவிதை வேறாகியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வடங்களுக்குள் இருப்பது தூய்மை அல்ல. ஸாக்ஸன்பர்க் புல்வெளியின் விஸ்கியும், சணல்காரனின் வெட்டும், ஹேக்கின் திருட்டும், அதை முன்னறியாமலேயே அதற்கு இடம் ஒதுக்கிய ஒரு கணக்கும், அதிகாலையில் தொய்வைப் பார்த்துக் கம்பியைச் சரிசெய்த கையும் அதில் சேர்ந்து முறுக்கப்பட்டிருக்கின்றன. கெட்ட கம்பியை எடுத்துவிட்டுப் பாலத்தை நிறுத்த முடியாது. கெட்ட கம்பி இருந்தும் அது நிற்கிறது. அதிகமாகச் சேர்க்கப்பட்ட அந்த 150 கம்பிகள் எவை என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.